‘தொடரும்’ என்று போட்டுவிட்டுப் போனவர்கள்

2021ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் அக்காள் மகன் மடிக்கணினியில் ஒரு கணினி ஆட்டத்தைத் திறந்து அம்மாவின் முன்னால் வைத்தான். “பாட்டி, இது உங்கள் தோட்டத்துக் கதை” என்றான். திரையில் ஒரு ரப்பர்த் தோட்டம். இன்னும் விடியவில்லை. நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு பெண் மரத்தடியில் குனிந்து நிற்கிறாள். கீழே ஒரு பெட்டிக்குள் வசனம் எழுத்தெழுத்தாக வந்து விழுகிறது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “வெட்டு தப்பு.”

தப்புத்தான். பால் மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து வர வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேர்ச்செங்குத்தாக ஓடுவதில்லை, சற்றுச் சாய்ந்தே ஏறுகின்றன. இந்தத் திசையில் வெட்டினால்தான் கூடுதல் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். படத்தில் அது தலைகீழாக, வலமிருந்து இடமாகச் சரிந்திருந்தது. வரைந்தவர் ரப்பர் மரத்தை நேரில் பார்த்திருக்கலாம். யாரும் அதை வெட்டுவதைப் பார்த்திருக்க மாட்டார்.

மருமகன் அதை அப்படியே உருவாக்குநர்களுக்கு எழுதி அனுப்பினான். அவர்கள் மூன்று பேர், எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. இரண்டே வாரத்தில் திருத்தம் வந்துவிட்டது. வெட்டை மட்டும் மாற்றி வரைய நேரமில்லாமல் படம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டிருந்தார்கள். வெட்டு சரியாகிவிட்டது, பின்னால் ஸ்டோர் சுவரில் இருந்த எண் இடவலம் மாறிவிட்டது. அம்மா அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “இருந்தாலும் கேட்டார்களே” என்றார்.

2022இன் நடுவில் இரண்டாம் அத்தியாயம் வந்தது. நகரத்தில் படித்துவிட்டுத் திரும்பும் பேத்தி, விற்பனைக்கு வந்துவிட்ட தோட்டம், லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, விட்டு நகர மறுக்கும் ஆயா. தோட்டத்தை வாங்க வந்தவர்கள் அளவு நாடாவோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும் காட்சியில் அத்தியாயம் நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ‘தொடரும்’. அக்டோபரில் சிறு திருத்தம் ஒன்று வந்தது. அதன் பிறகு எதுவும் இல்லை. அறிவிப்பு இல்லை, மன்னிப்பு இல்லை, எழுதிய மடல்களுக்குப் பதிலும் இல்லை. ஆட்டம் மட்டும் கடையில் அதே விலைக்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது.

ஆட்டத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த மூவரையும் ஊர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஏனென்றால் இந்தக் கதை அவர்களுடையது மட்டுமன்று. சிறு குழுக்கள் தொடங்கிப் பாதியில் விட்ட விஷுவல் நாவல்களை இணையக் கடைகளில் எண்ணி மாளாது. அவை ஏன் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் அத்தியாயத்திலேயே நிற்கின்றன என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்ல முடியும். சொல்லி முடித்த பிறகும் எனக்குக் கொஞ்சம் கோபம் மிஞ்சும். அது எதன்மேல் என்பதையும் சொல்கிறேன்.

விஷுவல் நாவல் என்பது படிக்கும் ஆட்டம். பின்னணியில் ஒரு படம், அதன்முன் பாத்திரங்களின் உருவம், கீழே வசனம், கூடவே இசை. இடையிடையே ‘உடன் போவதா, வீட்டிலேயே இருப்பதா’ என்பதுபோல் ஒரு கேள்வி வரும். நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை திரும்பும். வேர் ஜப்பானில் இருக்கிறது. யூஜி ஹோரி 1983இல் உருவாக்கிய ‘போர்ட்டோபியா’ என்ற துப்பறியும் ஆட்டத்தை முன்னோடியாகச் சொல்வார்கள். 1996இல் லீஃப் என்ற நிறுவனம் தன் வரிசைக்கே ‘விஷுவல் நாவல்’ என்று பெயர் வைத்தது, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானுக்கு வெளியே இந்த வடிவம் பரவியதில் பெரும் பங்கு ஒரு மென்பொருளுக்கு உண்டு. டாம் ராதமெல் என்ற அமெரிக்கர் 2004இல் வெளியிட்ட ரென்பை. காதலைக் குறிக்கும் ‘ரென்ஐ’ என்ற ஜப்பானியச் சொல்லையும் பைத்தான் என்ற நிரல்மொழியின் பெயரையும் இணைத்துப் பிறந்த பெயர் அது. இலவசம். நாடகப் பிரதி எழுதுவதுபோல, பாத்திரத்தின் பெயரைப் போட்டுப் பக்கத்தில் வசனத்தை எழுதினால் திரையில் வந்துவிடும். 2017இல் உலகமெங்கும் பேசப்பட்ட ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ இதில் செய்யப்பட்டதுதான்.

எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்த வடிவத்தின்மேல் ஓர் ஆசை உண்டாவதற்குக் காரணம் இந்த எளிமைதான். சண்டைக் காட்சியோ கார்ப் பந்தயமோ செய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். கதை சொல்ல அவ்வளவு பணம் வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் தோகே நிறுவனம் 2020இல் ‘காஃபி டாக்’ என்ற ஆட்டத்தில், கோப்பி கலக்கிக் கொடுத்துக்கொண்டே வாடிக்கையாளர்களின் கதையைக் கேட்க வைத்தது. 2023இல் கனடாவிலிருந்து ‘வெண்பா’ வந்தது. 1980களில் டொரொன்டோவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், இட்லித் தட்டு, பாதி அழிந்த சமையல் குறிப்பேடு. நம் வீட்டு அடுப்படியும் ஆட்டமாகலாம் என்பதற்கு அது சாட்சி.

சுங்கை சிப்புட் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு நாளுக்காக. 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதற்கு மறுநாளும் யாரோ நாலரை மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனார்கள் என்பதைப் புத்தகங்கள் எழுதுவதில்லை. அந்த ஆட்டத்தின் முதல் காட்சியே பெரட்டு. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் கூப்பிடுகிறார், ஆயா ‘ஆஜர்’ என்கிறார். அம்மா தம்மையறியாமல் திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அதனால்தான் எங்கள் வீட்டில் இந்த ஏமாற்றம், வேறு ஏதோ ஆட்டம் நின்றுபோனதைப்போல இலேசாகக் கடந்து போகவில்லை.

இனி கணக்கு. ஒரு விஷுவல் நாவலின் முதல் அத்தியாயத்தில் கதை பொதுவாகப் பிரிவதில்லை. பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டும், ஊரைக் காட்ட வேண்டும். வாங்கிய நூறு பேரும் அதே பக்கங்களைத்தான் படிக்கிறார்கள். பிரிவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உதாரணத்துக்கு, முதல் அத்தியாயம் 15,000 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் அத்தியாயத்தில் கதை மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் அதே நீளம் என்றால் எழுத வேண்டியது 45,000 சொற்கள். ஆனால் ஒரு வாசகர் முதல் தடவை படிப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. திரும்ப வந்து மற்றக் கிளைகளையும் படிக்கிறவர்கள் சிலரே. ஆக, கதை முன்னேற முன்னேற வேலை பெருகுகிறது, ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கிற கண்கள் குறைகின்றன. அச்சு நாவலில் இப்படி நடப்பதில்லை. கடைசி அத்தியாயத்தை எழுதுவதும் முதல் அத்தியாயத்தை எழுதுவதும் ஏறத்தாழ ஒரே உழைப்புத்தான்.

இதிலும் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு புதுக் கதை என்று போனால், இருவழித் தேர்வு ஐந்து வைத்தாலே 32 முடிவுகள் ஆகிவிடும். அதனால் பிரிந்த கிளையை இரண்டு காட்சிக்குள் மீண்டும் பழைய தடத்திலேயே கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். தேர்ந்தெடுத்த திருப்தி நமக்கு, உழைப்பு மிச்சம் அவர்களுக்கு. நம் ஆட்டத்தைச் செய்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே ஏழு இடங்களில் கேள்வி கேட்டு, ஒவ்வொரு பதிலையும் நினைவில் வைத்துக்கொள்வதாகத் திரையில் வாக்கும் கொடுத்தார்கள். ஆயாவிடம் பொய் சொன்னீர்கள், இது பின்னால் தெரியும் என்று ஒரு குறிப்பு வந்தது. படிக்கிறபோது மயிர்க்கூச்செறிந்தது உண்மை. இப்போது நினைத்தால், கழுத்துக்கு மேல் கடன் வாங்குகிறவரைப் பார்ப்பது போலிருக்கிறது.

எழுத்தாவது ஒருவர் இரவு விழித்துத் தள்ளிவிடலாம். படம் அப்படியன்று. ஒரு பாத்திரத்துக்கு நான்கு உடை, எட்டு முகபாவம் என்று வைத்தால் அதுவே 32 உருவங்கள். பெரிய காட்சிகளுக்கு முழுத்திரை ஓவியம் தனி. ஓவியர் ஒருவர்தான், அவர் கை ஒன்றுதான். பாதியில் அவர் கல்யாணம், வேலை, கைவலி என்று விலகினால் இன்னொருவரைப் போட்டு அதே ஆயாவை அதே முகத்தோடு வரைய வைப்பது கடினம். வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எழுத்தாளர் மாறினால் ஒருவேளை தெரியாமல் போகலாம், ஓவியர் மாறினால் தெரியும். சிறு குழுக்கள் உடைகிற இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் ஊகம். அந்த மூவரில் யார் முதலில் விலகினார் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பணம் வருகிற விதம் இதைவிட முக்கியம். முடியாத ஆட்டத்தை முன்கூட்டியே விற்கும் முறையை ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடை 2013இல் ‘எர்லி ஆக்சஸ்’ என்ற பெயரில் தொடங்கியது. மற்ற கடைகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஒரு தடவை காசு கொடுத்தால் இனி வரும் அத்தியாயங்கள் எல்லாம் சேர்த்து நமக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உருவாக்குநரின் பக்கத்திலிருந்து பாருங்கள். வாங்க நினைத்தவர்களில் பெரும்பாலோர் முதல் சில வாரங்களிலேயே வாங்கிவிடுகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தைச் செய்து முடித்தால் பழைய வாடிக்கையாளரிடமிருந்து ஒரு காசும் வராது. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். வேலை அதிகமாகிற நேரத்தில் வரவு நின்றுபோகிறது. பால் வெட்டுகிறவருக்கு முதல் நாளே முப்பது நாள் கூலியையும் கொடுத்துவிட்டால் மாதக் கடைசியில் எத்தனை பேர் நிரைக்கு வருவார்கள்? வருகிறவர்கள் உண்டு. அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் அதை நம்பித் தோட்டம் நடத்த முடியாது.

இதற்கு எதிர்க்கோடியில் மாதச் சந்தா. 2013இல் தொடங்கிய பேட்ரியான் போன்ற தளங்களில் ரசிகர்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். இங்கே நோய் வேறு. ஆட்டம் முடிந்தால் சந்தாவும் முடிந்தது. எனவே முடிக்காமல் இருப்பதற்கே கூலி கிடைக்கிறது. கதாநாயகி எட்டு ஆண்டுகளாக ஒரே கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பாள். தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாகப் படாது.

சரியாக அமைந்த ஏற்பாடும் உண்டு. ‘ஹிகுராஷி’ என்ற ஜப்பானியத் தொடரை 07த் எக்ஸ்பேன்ஷன் என்ற சிறு குழு 2002 முதல் 2006 வரை எட்டுப் பாகங்களாக, தோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ரசிகர் சந்தையில் விற்றது. பாகம் வந்தால்தான் பணம். வாசகரும் அடுத்த பாகம் வந்தால்தான் காசை எடுப்பார். சந்தையின் தேதி முன்பே குறிக்கப்பட்டது என்பதால் தள்ளிப்போடவும் இடமில்லை. ஓவியங்கள் சுமார்தான், கைகளைப் பார்த்தால் கையுறை மாட்டியதுபோல் இருக்கும். கதை முடிந்தது.

பணமே வாங்காமல் முடித்தவர்களும் இருக்கிறார்கள். பல நாடுகளில் இருந்துகொண்டு இணையம் வழியாகவே கூடிய தன்னார்வலர்கள் செய்த ‘கதாவா ஷோஜோ’ பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2012 ஜனவரி 4இல் இலவசமாக வெளியானது. இடையில் 2009இல் முதல் பகுதியை மட்டும் முன்னோட்டமாகக் கொடுத்தார்கள். ஆகவே ‘காசில்லை, அதனால் முடியவில்லை’ என்பதை முழுக் காரணமாக ஏற்கவும் எனக்கு மனம் வருவதில்லை. அதே சமயம், பெரிய பெயர் உள்ளவர்களும் இழுத்தடிக்கிறார்கள். டைப்-மூன் நிறுவனம் தன் ‘சுகிஹிமே’ ஆட்டத்தின் மறு ஆக்கத்தை 2008இல் அறிவித்து 2021இல்தான் வெளியிட்டது. பதின்மூன்று ஆண்டு. அந்த இடைவெளியில் எங்கள் மருமகன் ஆரம்பப் பள்ளி சேர்ந்து இடைநிலைப் பள்ளியையே முடித்துவிட்டான்.

மோசடி என்ற சொல்லை இங்கே அவசரப்பட்டுப் பயன்படுத்தக்கூடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈத்தன் மோலிக், கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டிய திட்டங்களைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நிதி கிடைத்த திட்டங்களில் வாக்களித்ததைக் கொடுக்காமல் போனவை ஏறத்தாழ 9 விழுக்காடு. நான் நினைத்திருந்ததைவிடக் குறைவு. பெரும்பாலோர் எப்படியோ கொடுத்துவிடுகிறார்கள். ஏமாற்றவே வருகிறவர்களுக்கு ஆயாவின் சேலைக் கரையை மூன்று விதமாக வரைந்து பார்க்கப் பொறுமை இருக்காது. அந்த மூவரும் உண்மையாகத்தான் தொடங்கினார்கள். தங்கள் அளவு தெரியாமல் தொடங்கினார்கள். ஒரே கிளை, ஒரே முடிவு, ஒன்றரை மணி நேரத்தில் படித்து முடிக்கிற கதை என்று எடுத்திருந்தால் இன்று அது முழுமையாக நம் கையில் இருந்திருக்கும். ‘வெண்பா’ ஒரு மாலையில் முடிந்துவிடுகிறது. அதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். முடிந்துவிட்ட சிறிய ஆட்டத்தைக் குறைசொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

முடியாமல் நிற்பது ஒன்று, கவனிப்பாரற்றுக் கிடப்பது வேறு. பாதியில் நின்ற நாவலின் அச்சுப் பிரதி அலமாரியில் அப்படியே இருக்கும், முப்பது ஆண்டு கழித்தும் அதே பாதியைப் படிக்கலாம். மென்பொருள் அப்படி இருக்காது. ஆப்பிள் நிறுவனம் 2019இல் தன் கணினிகளின் புதிய இயங்குதளத்தில் 32 பிட் என்ற பழைய வகைச் செயலிகளைக் கைவிட்டபோது, அதற்கு முந்திய எத்தனையோ சிறு ஆட்டங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் நெடுங்காலம் புதுப்பிக்காத செயலிகள் புதுக் கைப்பேசி வாங்கியவர்களின் கண்ணிலேயே படாமல் கடையில் மறைக்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி யாராவது தூசி தட்டிவைக்க வேண்டும். பூட்டிப் போட்ட வீட்டில் கரையான் ஏறுவது போலத்தான்.

எங்களுக்கு வலித்த இடம் இன்னும் நுணுக்கமானது: கொம்பு. ஆட்டம் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் வந்தது. தமிழில் போட்டால் கொம்புகள் எல்லாம் கலைந்து கிடந்தன. கணினிக்குள் தமிழ் சேமிக்கப்படுவது நாம் ஒலிக்கிற வரிசையில்: ‘கே’ என்றால் முதலில் ககரம், பிறகு இரட்டைக் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைக்க ஒரு நிரல் வேண்டும். அன்றைய ரென்பையில் அது இல்லை. சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். ஆகவே ‘தேங்காய்’ என்ற சொல்லில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கோயில்’ உடைந்து கிடக்கும். மருமகன் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது தானாகவே சரிசெய்துகொண்டு படிப்பான். அவன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், சமாளித்தான். ‘அடுத்த பதிப்பில் சரியாகும்’ என்று உருவாக்குநர்கள் எழுதியிருந்தார்கள். அது அவர்கள் கையிலும் இல்லைதான். ஆனால் 2024இல் வந்த ரென்பை 8.2 பதிப்பில், ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அமைப்பு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். பொருத்தமான எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியான வடிவில் காட்ட வழி பிறந்தது. புதிய பதிப்பைத் தரவிறக்கி, எழுத்துருவை மாற்றி, ஆட்டத்தை மறுபடி கட்டி ஏற்றினால் போதும். புது வசனம் வேண்டாம், புதுப் படம் வேண்டாம். ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலை. யாரும் வரவில்லை.

என் கோபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம் எழுத முடியவில்லை, புரிகிறது. கதை முடியாது என்று மூன்று வரி எழுத எத்தனை சொல் வேண்டும்?

தோட்டத்து ஆட்களுக்குக் கூட்டு தெரியும். மாதம் இருபது வெள்ளியோ (ரிங்கிட்) ஐம்பது வெள்ளியோ ஆளுக்கு ஆள் போட்டு, முறைவைத்து எடுத்துக்கொள்வது. 1971இல் அதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கச் சட்டமே வந்தது. லயத்தில் கூட்டு நிற்கவில்லை. கூட்டுப் பிடிக்கிற அம்மாளிடம் பணம் முடை என்றால் வாசலுக்கு வந்து சொல்லிவிடுவார்: “இந்த மாதம் இல்லை, தீபாவளி கழித்துத் தருகிறேன்.” சண்டை நடக்கும். மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஆனாலும் அடுத்த வாரம் அதே குழாயடியில் அவரோடு தண்ணீர் பிடிப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறவரைத்தான் ஊர் மன்னிக்காது. எங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான். சிறு காசு நிறைய கைகளிலிருந்து வருமானால், கணக்கு சொல்லவும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இங்கே புதிதாக யாருக்கும் கற்பிக்க வேண்டிய பாடம் அன்று. இணையத்தில் அந்தக் கணக்கு சொல்லும் இடம் காலியாக இருக்கிறது.

தொடர்கதை படித்து வளர்ந்த சமூகம் நாம். அம்மா, கிராணி வீட்டிலிருந்து வரும் பழைய பத்திரிகையில் வாரம் ஒரு அத்தியாயம் படித்தவர். தொடர்கள் நின்றுபோனதும் உண்டு. 1924இல் தொடங்கிய எங்கள் நாட்டு நாளிதழ் ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றபோது அதிலேயே அறிவித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். கல்கி 1954இல் மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் இருந்தது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்தார். குறிப்பு இருந்தது, அதை எடுத்து எழுத ஒருவர் இருந்தார் என்பது முக்கியம். கைவிட்ட ஆட்டங்களுக்கும் அந்த வழி இருக்கிறது: மிச்சக் கதையைச் சுருக்கமாகவாவது எழுதிப் போட்டுவிடுவது, அல்லது கோப்புகளை வெளியிட்டு ‘வேண்டியவர்கள் எடுத்துச் செய்துகொள்ளுங்கள்’ என்பது. இதற்குத் தடை பெரும்பாலும் மனம் மட்டுமன்று. எழுத்து ஒருவருடையது, ஓவியம் இன்னொருவருடையது, இசை மூன்றாமவருடையது. தொடங்கும்போது நண்பர்கள், தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. பிரிந்த பிறகு மூவரும் ஒப்புக்கொண்டால்தான் எதையும் விடுவிக்க முடியும், மூவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. தொடங்குகிற அன்றே, நாளை நின்றுபோனால் யாருக்கு என்ன என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் சாவைப் பற்றிப் பேசுகிறேனே என்று தோன்றும். பேசத்தான் வேண்டும்.

வாங்குகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மூன்றாம் அத்தியாயம் வராது என்பது 14 நாளில் தெரிந்துவிடாது, அது வேறு விஷயம். நெடுங்காலம் புதுப்பிக்கப்படாத எர்லி ஆக்சஸ் ஆட்டங்களின் பக்கத்தில், கடைசிப் புதுப்பிப்பு எத்தனை மாதத்துக்கு முன் வந்தது என்ற எச்சரிக்கையை அந்தக் கடை 2025 தொடக்கத்திலிருந்து காட்டுகிறது. நல்ல காரியம், தாமதமாக வந்தது. இங்கே மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம். 25 வெள்ளி ஆட்டத்துக்காக 5 வெள்ளி கட்டி, வேலைக்கு ஒரு நாள் விடுப்பும் எடுத்துக்கொண்டு, “ஐயா, ஆயாவுக்கு என்ன ஆயிற்று என்று இவர்கள் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்” என்று முறையிடுவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் வழக்கம் இப்போது இதுதான்: இருக்கிற அத்தியாயங்கள் மட்டும் அந்த விலைக்குத் தகுமா என்று பார்க்கிறேன். தகுமானால் வாங்குகிறேன், வரப்போவதற்குக் காசு கொடுப்பதில்லை. அப்படிப் பார்த்தாலும் அந்த 25 வெள்ளி வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதை எழுத எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

சென்ற தைப்பூச விடுமுறைக்கு மருமகன் வந்திருந்தான். இப்போது ஈப்போவில் கணினி படிக்கிறான். ரென்பை ஆட்டங்களின் பிரதி பல நேரம் வெறும் எழுத்துக் கோப்பாகவே உள்ளே கிடக்கும், பூட்டியிருக்காது என்று சொல்லி அந்தப் பழைய ஆட்டத்தின் கோப்புறையைத் திறந்தான். முதல் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம், அதற்குக் கீழே மூன்று என்ற எண்ணோடு ஒரு கோப்பு. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உள்ளே பதினொரு வரி இருந்தது. பெரட்டுக் களத்தின் பின்னணிப் படத்தை ஏற்றச் சொல்லும் கட்டளை, மழைச் சத்தம், பேத்தி உள்ளே வருகிறாள், ஆயா திரும்பிப் பார்க்கிறார். பிறகு ஒரே ஒரு வசனம். கொம்பெல்லாம் அந்தக் கோப்பில் சரியாகத்தான் இருந்தது. “அந்த மரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்.” அதற்கு அடுத்த வரியில், கதையை முதல் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் கட்டளை.

முதல் இரண்டு அத்தியாயத்தில் எந்த மரத்தைப் பற்றியும் ஆயா பேசியதில்லை. நாங்கள் பழைய கோப்புகளில் தேடிப் பார்த்தோம். அம்மா சமையலறையிலிருந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். மருமகன் அந்த வரியைப் படித்துக் காட்டினான்.

“எந்த மரம்?” என்றார் அம்மா.

“அதுதான் தெரியவில்லை, பாட்டி. அதோடு நிறுத்திவிட்டார்கள்.”

“பெரட்டுக் களத்து வேம்பு” என்றார். “வேறு எது?” அடுப்பில் சோறு பொங்கியது, அணைக்கப் போய்விட்டார்.